குதிரை முகத்துப் பெண்

முகம் குதிரை, உடல் பெண். பின்னால் அலைவது பிடரி மயிரா, கரும்புத் தோகையா என்று சொல்வதற்கில்லை. தாடையின் மேல், கொம்பு முளைத்த உருண்டைத் தலை ஒன்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கியூபா தேசத்துச் சித்திரக்காரர் விப்ரெடோ லாமின் அச்சுச் சித்திரங்களில் இத்தகைய உருவம் அடிக்கடி வரும். "இதென்ன பேய்?" என்று கேட்கத் தோன்றினால் கேட்பவர் மீது குற்றமில்லை.

ஆயினும் அவள் பேய் அல்லள். கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொரூபா மக்கள், தங்கள் ஒரிஷாத் தெய்வங்களையும் உடன் கொண்டுவந்தனர். எஜமானர்கள் ஞானஸ்நானம் செய்வித்தார்கள். அடிமைகளோ கத்தோலிக்க அர்ச்சிஷ்டர்களின் திருநாமத்தில் தங்கள் தெய்வங்களையே வணங்கிவந்தார்கள். முரசு முழங்கும்போது ஒருவர்மீது தெய்வம் இறங்கும். ஆவேசம் வந்த அந்த மனிதரைக் 'குதிரை' என்பது அவர்கள் வழக்கம். ஏறி நடத்துவது தெய்வம். கொம்புத் தலை, நாற்சந்திகளுக்கு அதிபதியான எலெகுவா என்பர்.

லாம் 1902-ல் சாகுவா லா கிராண்டே என்ற ஊரில் பிறந்தார். தந்தை சீனர், தாயார் ஆப்பிரிக்க, ஸ்பானிய வம்சம் கலந்தவர். ஞானத்தாய் மந்தோனிகா வில்ஸன் ஒரிஷா வழிபாட்டில் பெயர்பெற்ற பூசாரிணி. 1923-ல் ஸ்பெயின் சென்ற லாம், உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றார். 1938-ல் பாரிஸில் பிக்காஸோவின் சிநேகத்தைப் பெற்றார். ஆப்பிரிக்க முகமூடிகளின் வடிவை ஐரோப்பியக் கலைஞர்கள் ஏற்கெனவே இரவல் வாங்கியிருந்தார்கள். லாமுக்கோ அது பரம்பரைச் சொத்து.

1941-ல் தாயகம் திரும்பியபோது, கறுப்பு மக்களின் ஆட்டமும் பாட்டும் உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்கும் சரக்காகியிருப்பதைக் கண்டு அவர் மனம் கொதித்தார். அந்தச் சரக்கை வரைய மறுத்தார். 1943-ல் அவர் தீட்டிய 'காடு' என்ற பெரும் படத்தில், கரும்புக்கிடையே பாதி மனிதரும் பாதி மிருகமுமாய் நிற்பவர்கள் யாரையும் மகிழ்விப்பதற்காக நிற்கவில்லை. நியூயார்க் நவீனக் கலைக்கூடம் 1945-ல் அதை வாங்கியது. பின்னர் நெடுங்காலம், மேலங்கிகளைக் கழற்றி வைக்கும் அறைக்கருகே மாட்டியிருந்தது. வாங்கத் தெரிந்தது, மாட்டத் தெரியவில்லை!

பிற்காலத்தில் லாம் மிலான் நகரில் ஜார்ஜியோ உபீல்யோவின் அச்சுக்கூடத்தில் உலோகத் தகடுகளில் வரைந்தார். தகட்டில் பிசின்தூளைத் தூவிச் சூடாக்கி, திராவகத்தில் இடுவார்கள். அரித்த பள்ளங்களில் மை தங்கும். ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் எழும். நெடுநேரம் அரித்த இடம் காரிருளாகும். சிறிது நேரமே அரித்த இடம் புகைபோல் மங்கும். ஒரு தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம். ஆகவே குதிரை முகத்தாள் ஒரு சுவரோடு நின்றுவிடாமல் பல ஊர்களுக்கும் சவாரி புறப்பட்டாள்.