சேனாபதி தாத்தாவைக் கெடுத்தது யார்?

யூட்யூப் விமர்சகர்கள்தான் ‘இந்தியன் 2’ படத்தைக் காலி பண்ணிவிட்டார்கள் என்று ஒரு கோஷ்டி இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறது. மக்களே, அவர்களுக்கு அவ்வளவு சக்தியெல்லாம் கிடையாது. தாத்தாவைக் கெடுத்தவர் தாத்தாவை உண்டாக்கியவரேதான். சாட்சாத் ஷங்கர்.

1996 மே மாதம் வந்த முதல் படத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பேட்மேன், சூப்பர்மேன் மாதிரி நமக்கு யாருமில்லை என்ற குறையைத் தீர்த்தவர் சேனாபதி. முகமூடி இல்லை, பறக்கும் கார் இல்லை. விரலில் வர்மம், இடுப்பில் கத்தி, அவ்வளவுதான். ஆனால் படம் ஓடியது கத்தியால் இல்லை. கொடைக்கானலுக்கு மேலே பூண்டியில் மலைப்பூண்டு போடுகிற ஒருவர் ஒரே ஒரு கையெழுத்துக்காக பஸ் ஏறிப் போகிறார் என்று வையுங்கள். அன்றைக்குக் காட்டு வேலை போச்சு. போன இடத்தில் ‘நாளைக்கு வா’ என்றால் மறுநாளும் போச்சு. அந்த ‘நாளைக்கு வா’வின் கசப்பு தெரிந்த படம் அது.

அதைவிட முக்கியமான விஷயம், சேனாபதி தன் கொள்கைக்கான விலையைத் தானே கொடுத்தார். தீக்காயத்தோடு துடிக்கிற மகளுக்கு வைத்தியம் பார்க்க லஞ்சம் கேட்கிறார்கள். கொடுக்க மாட்டேன் என்கிறார். மகள் செத்துப்போகிறாள். மகன் சந்துரு, பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு சர்டிஃபிகேட் கொடுத்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாகக் காரணமாகிறான். பெற்ற தாய் கெஞ்சியும் அவனை விடவில்லை. இந்த ஆளைக் கும்பிடுவதா, பார்த்துப் பயப்படுவதா என்று தெரியாமல்தான் ஜனங்கள் தியேட்டரை விட்டு வெளியே வந்தார்கள்.

28 வருஷம் கழித்து, 2024 ஜூலை 12. நேதாஜியின் படையில் இருந்தவருக்கு இப்போது நூறு வயசு தாண்டியிருக்க வேண்டும். சரி, அதை விடுங்கள், சூப்பர் ஹீரோவிடம் ரேஷன் கார்டு கேட்கக்கூடாது. தைவானிலிருந்து வந்து இறங்குகிறார், விதவிதமாக வர்மம் போடுகிறார், குதிரை மாதிரி ஓடியே ஒருத்தன் சாகிறான். பணக்கார வில்லன்கள், பிரம்மாண்ட பங்களாக்கள். அந்த ஆபீஸ் கவுண்டரைக் காணோம். தாத்தாவுக்கு இழக்க ஒன்றுமே இல்லை. ‘உங்கள் வீட்டில் இருக்கிற ஊழல்வாதியைக் காட்டிக்கொடுங்கள்’ என்று ஊர்ப் பிள்ளைகளுக்கு உபதேசம் பண்ணிவிட்டு அடுத்த ஃபைட்டுக்குப் போய்விடுகிறார். மூன்று மணி நேரம் ஓடிய படத்தில் ரிலீஸுக்குப் பிறகு சுமார் 12 நிமிஷத்தை வெட்டிப் பார்த்தார்கள். நோய் நீளத்தில் இருந்தால்தானே வெட்டினால் தீரும்?

இது முதல் தடவையும் இல்லை. ‘எந்திரன்’ (2010) சிட்டி காதலித்தான், மறுக்கப்பட்டான், குப்பையில் வீசப்பட்டான், கடைசியில் கோர்ட் உத்தரவுப்படி தன் கை காலைத் தானே கழற்றி வைத்தான். இரும்புக்காக ஊரே அழுதது. 2018-ல் ‘2.0’வுக்காக அவனை மறுபடி பூட்டி எழுப்பினார்கள். எழுந்தவன் வெறும் அடியாள். அவன் உயிரை விட்ட சனா இதில் போனில் கேட்கிற ஒரு குரல். அந்தப் படத்தில் விலை கொடுத்த ஒரே ஆள் பறவைகளுக்காக செல்போன் டவரில் தூக்கு மாட்டிக்கொண்ட பட்சிராஜன், அதாவது வில்லன். படத்தில் நினைவில் நிற்பதும் அவர் கதை மட்டும்தான்.

‘சுஜாதா இல்லை சார், அதான்’ என்பார்கள். வாத்தியார் 2008 பிப்ரவரியில் போனது பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வசனம் நன்றாக இருந்திருந்தாலும் இந்தத் திரைக்கதை தேறியிருக்காது. ‘காலம் மாறிவிட்டது’ என்பது அடுத்த சாக்கு. இரண்டாம் பாகத்துக்கு ஒரு மாசம் முன்னால் பழைய ‘இந்தியன்’ படத்தை இவர்களே தியேட்டரில் மறுபடி ஓட்டினார்கள். காலம் மாறிய பிறகும் அது அப்படியேதான் நின்றது.

அமெரிக்காவில் ஃபிராங்க் மில்லர் இதே காரியத்தை காமிக்ஸில் செய்தார். 1986-ல் அவர் எழுதி வரைந்த ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ கதையில் பேட்மேனுக்கு ஐம்பத்தைந்து வயசு. ஒவ்வொரு அடிக்கும் உடம்பு வலிக்கும், மூச்சு வாங்கும். அந்த வலிதான் கதை. 2001-ல் அவரே இரண்டாம் பாகம் ஆரம்பித்தார். கண்ணைக் கூசும் கம்ப்யூட்டர் கலர், பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறு ஹீரோக்கள். முதல் இதழ் முடியப்போகும்போதுதான் பேட்மேனே தலைகாட்டுகிறார்! பெயர் மட்டும் பத்திரமாக இருந்தது, வலி போய்விட்டது.

இத்தனைக்கும் ‘இந்தியன் 2’வுக்குள் ஒரு நல்ல படம் ஒளிந்திருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். தாத்தா பேச்சைக் கேட்டு சித்ரா அரவிந்தன் (சித்தார்த்) சொந்த அப்பாவையே மாட்டிவிடுகிறான். அவமானம் தாங்காமல் அம்மா தற்கொலை செய்துகொள்கிறாள். அம்மாவுக்குக் கொள்ளி வைக்கக்கூட அவனை விடவில்லை. ‘திரும்பி வா’ என்று கூப்பிட்ட அதே ஊர் ‘திரும்பிப் போ’ என்று கத்துகிறது. படம் அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும். மகளையும் மகனையும் இழந்த கிழவரும் அம்மாவை இழந்த பையனும் எதிரெதிரே உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். தாத்தா என்ன செய்தார் தெரியுமா? ஒற்றைச் சக்கர வண்டியில் ஏறி சேஸிங்குக்குப் போய்விட்டார். மீதியை மூன்றாம் பாகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டிரெய்லரைப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.