கோட்டக்குப்பத்துப் பாறைக்கு வயசு என்ன?

அடுத்த சனிக்கிழமை ராத்திரி குயிலாப்பாளையத்துல தங்கல். ஞாயித்துக்கிழமை விடியறதுக்குள்ள கோட்டக்குப்பம் செரினிட்டி பீச். டிரைபாட் ரெடி, பிளான் போடுறது அடியேன் பொறுப்பு.

நமக்குக் கிழக்குக் கடல், அதனால சூரியன் வர்றதுக்கு அரைமணி முன்னாடியே நிக்கணும். ஐ.எஸ்.ஓ. 100, என்.டி. ஃபில்டர், அரை செகண்டுல ஆரம்பிங்க. பாறை வழுக்கும், ரப்பர் செருப்போட ஏறாதீங்க.

ஆனா படத்துக்கு 'இயற்கை அழகு'ன்னு மட்டும் பேர் வைக்காதீங்க சாமி! அந்தப் பாறை லாரில வந்த கருங்கல். 1980கள் கடைசில புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினாங்க. வருஷத்துல முக்கால்வாசி நாள் தெற்கேயிருந்து வடக்கே நகர்ற மணலை அது மறிச்சிடுச்சு. வடக்கே கரை கரைஞ்சது. ஒரு ஊர்ல கல்லைக் கொட்டினா அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போகுது, அங்கயும் கல்லு. படகை இழுத்துப்போட மணல் இல்லாம மீனவங்க பாடு திண்டாட்டம். புதுச்சேரில 2018ல கடலுக்கடியில செயற்கைத் திட்டு போட்டப்புறம் அங்க மணல் திரும்ப சேர்ந்துச்சு. ஆக, வழி இல்லாம இல்லை.

நம்மாளுங்க என்னடான்னா படகு, வலை, இடிஞ்ச சுவர் எல்லாத்தையும் கிராப் பண்ணிட்டு பால்மாதிரி அலையை மட்டும் காட்டுறாங்க. எனக்கு இது சுத்தமா பிடிக்கலை. அலையை எடுங்க, வேணாங்கலை. கூடவே ஒரே இடத்துல நின்னு, அதே லென்ஸ்ல, கரையோட ஒரு படம், தேதி போட்டு, வருஷா வருஷம். கடல் எவ்வளவு உள்ள வந்திருக்குன்னு அளக்க அது உதவும்.

காலைல நாலு மணிக்கு அலாரம். யார் யார் வர்றீங்க?