நிலத்தை அளந்தோம், ரத்தநாளத்தை எப்போது?

என் அப்பா ஆம்பூர் டேனரி ஒன்றில் குரோம் டிரம்முக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆண்டுக்கொரு முறை டாக்டர் வருவார். கையைத் திருப்பிப் பார்ப்பார், மூக்கில் டார்ச் அடிப்பார், பிரஷர் பார்ப்பார். அத்தோடு சரி. நாலு படி ஏறினாலே அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று யாரும் கேட்டதில்லை.

கேட்கத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் வெல்கம் ஆய்வகத்தில் கே.ஏ. பாலசுப்பிரமணியன் குழுவினர் எலிகளின் வயிற்றைத் திறந்து, அறுவை சிகிச்சையில் செய்வதுபோலக் குடலைக் கையாண்டார்கள். குடலை வெட்டவில்லை, தொட்டதுதான். அதற்கே குடல் செல்களின் மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்தது. நைட்ரிக் ஆக்சைடு கிடைக்கச் செய்தபோது அந்தப் பழுது ஏற்படவில்லை. 2001-ல் ‘ஜர்னல் ஆஃப் சர்ஜிகல் ரிசர்ச்’ இதழில் இது வெளியானது. ரத்தநாளத்தின் உட்சுவர் சுரந்து நாளத்தை விரியவைக்கும் வாயுவும் இந்த நைட்ரிக் ஆக்சைடுதான். 1998-ன் மருத்துவ நோபல் பரிசே இந்த வாயு பற்றிய கண்டுபிடிப்புக்குத்தான்.

இனி டேனரிக்கு வருவோம். தோல் பதனிட மூன்றாம் நிலைக் குரோமியத்தைப் பயன்படுத்துகிறோம். அது ஆறாம் நிலைக்கு மாறினால்தான் பெரிய ஆபத்து. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுமேட்டில் இருப்பது இந்த ஆறாம் நிலைதான். சல்பேட் நுழையும் வழியாகவே அது செல்லுக்குள் புகுந்துவிடும். உள்ளே மறுபடி மூன்றாம் நிலைக்கு இறங்கும்போது ஆக்சிஜன் தனிமூலங்களைக் கிளப்பும். மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் பெராக்சிரெடாக்சின் 3 என்ற புரதம் அதனால் முடங்குவதை மனிதச் செல்களில் பார்த்திருக்கிறார்கள். தனிமூலங்கள் பெருகினால் நைட்ரிக் ஆக்சைடும் தன் வேலையைச் செய்யுமுன் அழிந்துபோகும்.

அப்பாவின் மூச்சிரைப்புக்குக் குரோமியம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அளந்தால்தானே தெரியும்? நிலத்தை அளந்தோம். டேனரிக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் கெட்டது என்ற கணக்கு 1996-ன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் வேலூர் மாவட்டத்துக்குக் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொன்னது. அந்தக் குழு தொழிலாளியின் உடம்பையும் கணக்கில் எடுக்கட்டும்.

பெரிய செலவில்லை. நைட்ரிக் ஆக்சைடு தன் வேலையைச் செய்கிறதா என்று அறிய, முன்கையில் பிரஷர் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிக் கட்டி, அவிழ்த்ததும் மேல்கைத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தால் போதும். டிரம்மில் நிற்பவர், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குபவர், கழிவுநீர்த் தொட்டியைக் கழுவும் ஒப்பந்தக் கூலி, எல்லோருக்கும் ஆண்டுதோறும் இதைச் செய்ய வேண்டும். ரிசல்ட்டை முதலாளியின் ஃபைலில் மட்டும் வைக்காமல், தொழிலாளி கையிலும் தமிழில் கொடுக்க வேண்டும்.