சென்னை – யாழ்ப்பாணம் விமான சேவை தடையின்றித் தொடரக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் குடியிருப்போர் நலச் சங்கங்கள்,
சென்னை.

பெறுநர்:
1. செயலாளர் அவர்கள், சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், ராஜீவ் காந்தி பவன், புதுதில்லி.
2. இயக்குநர் அவர்கள், சென்னை விமான நிலையம், மீனம்பாக்கம்.

பொருள்: சென்னை – பலாலி விமான சேவையை நிலைப்படுத்துதல், பயணிகளின் காத்திருப்பைக் குறைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் வான்வழியில் ஏறத்தாழ 355 கி.மீ. மதுரையும் கோயம்புத்தூரும் 400 கி.மீ.க்கு மேல். நம் மாநிலத்து நகரங்கள் சிலவற்றைவிட யாழ்ப்பாணமே சென்னைக்கு அருகில் இருக்கிறது. சிறிய ஏ.டி.ஆர். விமானத்தில்கூட ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையையே கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குத்தான் இயக்கியது. போரால் பல்லாண்டு அறுபட்டிருந்த இந்தத் தொடர்பு 2019 நவம்பரில் அலையன்ஸ் ஏர் மூலம் மீண்டது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில்தான் திரும்பவும் தொடங்கியது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இவ்வழியில் பறக்கத் தொடங்கியது.

இந்தச் சேவை நின்றால் கொழும்பு வழியே செல்ல வேண்டும். கட்டுநாயக்கவுக்கு வான்வழியில் சுமார் 645 கி.மீ.; அங்கிருந்து சாலையில் மேலும் 350 கி.மீ.க்கு மேல். ஒரு பகல் முழுவதும் பயணத்திலேயே கழிந்துவிடும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலில் செல்வதானாலும், சென்னைவாசிகள் முதலில் சுமார் 300 கி.மீ. தரைவழியில் போயாக வேண்டும்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள், கலாக்ஷேத்ராவில் பயிலும் மாணவர்கள், தியாகராய நகரில் கல்யாணப் பட்டெடுக்க வரும் குடும்பங்கள், நல்லூர்த் திருவிழாவுக்குப் போகும் எம் பகுதி முதியோர் ஆகியோருக்கு இந்த வழி இன்றியமையாதது. சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்துக்கு வரச் சொல்கிறார்கள். பறக்கும் நேரத்தைப் போல் இரு மடங்கு காத்திருப்பு நோயாளிகளுக்குப் பெரும் சிரமம்.

எனவே பின்வருவனவற்றை நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறோம்:

அமைச்சகத்திடம்:
1. ஆண்டு முழுவதும் நாள்தோறும் ஒரு சேவையேனும் உறுதிசெய்ய வேண்டும். ஒரு நிறுவனம் விலக நேர்ந்தால் 90 நாள் முன்னறிவிப்பும் மாற்று ஏற்பாடும் வேண்டும்.
2. நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் மார்கழி இசை விழாக் காலத்திலும் கூடுதல் சேவைகள் இயக்க வேண்டும்.
3. சர்வதேச உடான் திட்டத்தின்கீழ் கட்டண ஆதரவு வழங்குவது குறித்துத் தமிழக அரசுடன் கலந்துபேச வேண்டும்.

விமான நிலைய நிர்வாகத்திடம்:
4. நோயாளிகள், முதியோருக்குப் பயணப் பதிவிலும் குடியேற்றச் சோதனையிலும் முன்னுரிமை வரிசை அமைக்க வேண்டும். சக்கர நாற்காலி உதவி வாசலிலேயே கிடைக்க வேண்டும்.
5. விமானம் ரத்தானால், மருத்துவச் சான்று வைத்திருப்போருக்கு அடுத்த விமானத்தில் முதலிடம் கிடைக்க விமான நிறுவனங்களுடன் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இவை குறித்து எங்கள் பிரதிநிதிகள் நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கி, எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர்கள், செயலாளர்கள்
(சங்கங்களின் சார்பாக)

நகல்: தென் சென்னை நாடாளுமன்ற உறுப்பினர் அவர்கள்.