மூலக் கடிதம் எங்கே?

"உளவு இலாகாவுக்குத் தகவல்" என்ற கூப்பாடு எழும்போதெல்லாம் நமக்கு 1924 ஞாபகம் வருகிறது. பிரிட்டனில் தேர்தலுக்கு நான்கே நாள். அக்டோபர் 25-ந் தேதி 'டெய்லி மெயில்' ஜினோவீவ் கடிதத்தைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டது. பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளை மாஸ்கோ கலகத்துக்குத் தூண்டியதாம்! ஜினோவீவ் மறுத்தார். மூலம் எங்கே? இல்லை, இருந்தது வெறும் நகல். எழுதாத கடிதத்தை எழுதவில்லையென்று எவன் ருஜுச் செய்வான்? தொழிற்கட்சி தோற்றது. (கடிதம் வராவிட்டாலும் தோற்றிருக்கலாம்; அது வேறு விஷயம்.) 1999-ல் பிரிட்டிஷ் வெளியுறவு இலாகாவின் சரித்திர ஆசிரியரே அது பெரும்பாலும் போலி என்றார். எழுபத்தைந்து வருஷம் கழித்து!

சாட்டுகிறவனே ருஜுவைக் கொண்டுவரட்டும். எதிரியைப் பற்றி நம் காதுக்கு இனிக்கும் வதந்திக்கும், தோழர்களே, இதே சட்டம்தான். 2003-ல் இராக்கிடமும் "ஆயுதம் இல்லையென்று நிரூபி" என்றார்கள். படை புகுந்தபின் தேடினார்கள். சொன்ன ஆயுதக் குவியல் அகப்படவேயில்லை.