அடுப்படிக்கும் போவோம்

மாப்பிள்ளைச் சம்பா வாங்கிப் போனவர்கள் "வேகவே மாட்டேங்குதுங்க" என்று சொல்வது நம்மில் பலர் கேட்டதுதான். ராத்திரியே ஊறவைக்கணும், தண்ணீர் கூடுதலா வைக்கணும் என்று சொல்லத் தெரியாமல், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்கிறோம். 2018-ல் மறைந்த நெல் ஜெயராமன் 174 பாரம்பரிய ரகங்களை மீட்டுத் தந்தது மூட்டை கட்டி விற்க மட்டுமா? ஆண் விவசாயிகளும் சமைக்கணும் என்பதே என் கட்சி.

சமைத்தால் சந்தோஷம் நமக்குத்தான். திருத்தணிப் பக்கம் கேழ்வரகுக் களியும் புளிச்சக்கீரைக் கடைசலும் வழக்கம். எல்லை தாண்டினால் அதுவே ராகி சங்கட்டி, கோங்குரா. நொய் குழைய வெந்ததும் மாவைக் குவித்துக் கொட்டி, மூடிவைத்து, அப்புறம் மரத் துடுப்பால் கிண்டணும். கட்டி தட்டாமல் வரணும்னா மனசு வேறெங்கும் போகக்கூடாது. (போன் அடித்தால் அடிக்கட்டும்.) நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். வங்கியில் சாயங்காலம் கணக்கு நேரானபோது வந்த நிம்மதியைவிட இது பெரிசு.

இன்னொன்று, மழையில் நனைஞ்ச தானியமா, சரியாக் காயாததா என்பதைக் கிண்டும்போது எழும் வாசனையே காட்டிக்கொடுத்துடும். சாக்கில் கட்டி அனுப்புமுன் அதில் ஒரு படியை அரைத்து நாமே கிண்டிப் பார்க்கலாமே.