போனால்தான் ஆகும்

சிங்கப்பூரில், எங்கள் சுவா சூ காங் வட்டாரத்தில், கொரிய மொழி படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். நாடகம் பார்த்து ஆசைப்பட்டு, ஹங்குல் எழுத்துகளைச் சில நாளில் பழகிக்கொண்டு, பிறகு விடாப்பிடியாகப் படித்து இடைநிலையைத் தாண்டியவர்கள் எங்கள் புளோக்கிலேயே இருக்கிறார்கள். சனிக்கிழமை மாலைகளில் அவர்களில் சிலர் நோட்டும் கையுமாக என் வீட்டுக்கு வருவார்கள். நானும் பல ஆண்டுகளாக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருப்பவள். சேர்ந்து உட்கார்ந்து பயிற்சி செய்வோம்.

அந்த நிலையில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒன்றைச் செய்தே தீர வேண்டும், வேறு வழியில்லை, இவ்வளவுதான் இருக்கிறது, இது மட்டும் போதும் என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் அது. கட்டாயத்துக்கும் வரம்புக்கும் கொரிய மொழியில் பத்துப் பன்னிரண்டு வாக்கிய அமைப்புகள் இருக்கின்றன. ஆங்கிலப் பாடநூல்கள் பாதிக்கு ‘மஸ்ட்’ என்றும் மீதிக்கு ‘ஒன்லி’ என்றும் விளக்கம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எது எங்கே வரும் என்று பிள்ளைக்குப் பிடிபடுவதில்லை. வீட்டில் பேசும் தமிழை அந்த வாக்கியங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான சிக்கல் தானே அவிழ்ந்துவிடும். இந்த வாரம் அதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ‘துவேதா’ என்ற வினைச்சொல். கொரிய ஒலிகளைத் தமிழெழுத்தில் ஏறத்தாழத்தான் எழுத முடியும். சரியான உச்சரிப்பைக் காதால் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். துவேதா என்றால் ‘ஆகு’. மருத்துவர் ஆவதற்கும் இந்தச் சொல்தான். சமையல் முடிந்ததும் நாம் ‘எல்லாம் ஆச்சு’ என்போமே, அங்கும் இதே சொல்தான். இதோடு ‘கதா’ என்ற ‘போ’வைச் சேர்த்து நான்கு வாக்கியங்கள் பாருங்கள்.

கயா துவே: போனால்தான் ஆகும்.
கதோ துவே: போனாலும் ஆகும்.
கம்யொன் துவே: போனால் ஆயிற்று.
கம்யொன் அன் துவே: போனால் ஆகாது.

முதலாவது கட்டாயம், இரண்டாவது அனுமதி, மூன்றாவது ‘அது போதும்’ என்ற வரம்பு, நான்காவது தடை. ஆங்கிலத்தில் இந்த நான்கையும் நான்கு தனித்தனிச் சொற்களாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. தமிழில் ‘போனால்’ என்ற அடி ஒன்றே. அதன்மேல் ‘தான்’ ஏறினால் கட்டாயம், ‘உம்’ ஏறினால் அனுமதி, ஒன்றும் ஏறாவிட்டால் போதுமென்ற பொருள், ‘ஆகாது’ என்று முடிந்தால் தடை. கொரிய மொழி செய்வதும் இதே வேலை. மரியாதையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் கடைசியில் ஒரு ‘யோ’ சேர்த்துக்கொண்டால் போதும்.

‘யா’ என்ற விகுதி தமிழின் ‘ஆல்தான்’ போலவே நடக்கிறது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. சீக்கிரம் எழுந்தால்தான் எங்கள் நிலையத்தில் ரயிலைப் பிடிக்க முடியும் என்று சொல்லவும் கொரியர்கள் ‘இரொனயா’ என்று அதே ‘யா’வைத்தான் போடுவார்கள். அங்கே ‘மஸ்ட்’ என்ற விளக்கம் ஒத்துவராது. ஆங்கில நூல்கள் அதை வேறோர் அத்தியாயத்தில் வேறோர் இலக்கணமாகச் சொல்லித்தரும். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இரண்டும் ஒரே பாடம்.

தடை வாக்கியத்தில் இன்னும் நெருக்கம். ராத்திரியில் நகம் வெட்டினால் ஆகாது என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கொரியப் பாட்டிமாரும் அதையே சொல்கிறார்கள்: ‘பமே சொன்தொப் கக்கும்யொன் அன் துவே’. வெட்டிப்போட்ட நகத்தை எலி தின்றுவிட்டு அந்த ஆளின் உருவத்தையே எடுத்துக்கொள்ளும் என்று அதற்கு ஒரு நாட்டுப்புறக் கதையும் வைத்திருக்கிறார்கள். ராத்திரி, நகம், வெட்டினால், ஆகாது. சொல்லுக்குச் சொல் அதே வரிசை.

வீட்டுத் தமிழ் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாடப்புத்தகத் தமிழில் கட்டாயத்துக்கு முதலில் வந்து நிற்பது ‘வேண்டும்’. கொரிய மொழியில் அதுதான் நம்மைக் கவிழ்க்கும். தொடக்கக் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் பயிற்சிக் கட்டுரையில் ‘ஹன்குகே கயா துவேயோ’ என்று எழுதிக்கொண்டு வந்தாள். “கொரியாவுக்குப் போகணும்னு எழுதியிருக்கேன், சரிதானேக்கா?” என்றாள்.

“யாராவது உன்னைப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்துறாங்களா?”

“இல்லக்கா, ஆசைதான்.”

“அப்ப அது ‘ககோ சிபொயோ’. நீ எழுதினதப் படிக்கிற கொரியர், உனக்கு அங்க ஏதோ தட்ட முடியாத வேலை இருக்குன்னு நினைச்சுக்குவார்.”

தமிழில் ‘போகணும்’ ஆசைக்கும் வரும், கட்டாயத்துக்கும் வரும். கொரிய மொழியில் இரண்டும் தனித்தனி. ‘வேண்டாம்’ என்பதிலும் இதே கதை. “நாளைக்கு வர வேண்டாம்” என்றால் வராதே என்று பொருளா, வராவிட்டாலும் பரவாயில்லை என்று பொருளா? தமிழில் குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். கொரிய மொழியில் ‘ஓஜி மா’ என்றால் வராதே. ‘அன் வாதோ துவே’ என்றால் வராவிட்டாலும் ஆகும். ஆகவே நோட்டில் தமிழ் எழுதும்போது ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். போனால்தான் ஆகுமா, போக ஆசையா, போகாவிட்டாலும் ஆகுமா, போனால் ஆகாதா என்று பிரித்து எழுதிப் பாருங்கள். பிரித்த உடனே கொரிய வாக்கியம் கைக்கு வந்துவிடும்.

அடுத்தது வரம்பு. ‘மன்’ என்றால் மட்டும். ‘பக்கே’ என்றால் சொல்லளவில் ‘வெளியே’. இலக்கணத்தில் ‘அதைத் தவிர’. பக்கே வந்தால் வாக்கியம் எதிர்மறையில்தான் முடிய வேண்டும். ‘ஓ புன்பக்கே அன் நமஸோ’ என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் மிச்சமில்லை. அதில் ‘போதாதே’ என்ற தவிப்பும் கலந்திருக்கும். மன் அப்படியில்லை; அளவைச் சொல்வதோடு நின்றுகொள்ளும். ‘ஓ புன்மன் கிதர்யோ’ என்றால் ஐந்து நிமிடம் மட்டும் பொறு.

இங்கே தமிழ் நம்மை ஏமாற்றும் ஓர் இடமும் உண்டு. “தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்காதே” என்பது நமக்குச் சர்வ சாதாரணம். அதையே பக்கே போட்டுக் கொரிய மொழியில் கட்டளையாகச் சொன்னால் தவறு. ஏவலோடும் ‘வா, செய்யலாம்’ என்ற அழைப்போடும் பக்கே சேராது. ‘முல்மன் மஷ்யோ’, தண்ணீர் மட்டும் குடி என்றுதான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

பக்கேயோடு ‘சு’ என்ற சிறிய சொல் சேரும்போது கட்டாயமும் வரம்பும் ஒன்றாகின்றன. சு என்றால் வழி, வகை. ‘கல் சு இஸோ’, போக வழியிருக்கிறது, அதாவது போக முடியும். ‘கல் சு ஒப்ஸோ’, போக முடியாது. ‘கல் சுபக்கே ஒப்ஸோ’, போவதைத் தவிர வேறு வழியில்லை. ரயில் சேவை தடைப்பட்டு, பஸ்ஸிலும் கால் வைக்க இடமில்லாத காலை நேரத்தில் நம் வாயில் என்ன வரும்? ‘நடக்க வேண்டியதுதான்.’ அந்த ‘வேண்டியதுதான்’ என்பதில் இருக்கும் மனநிலைதான் சுபக்கே ஒப்ஸோ. விருப்பம் இல்லை, ஆனால் மனம் ஒத்துக்கொண்டுவிட்டது.

இதே அமைப்புக்கு இரண்டாவது பொருள் ஒன்று உண்டு. உயர் இடைநிலை மாணவர்கள் அதைத் தெரிந்துகொள்ளாமல் தேர்வுக்குப் போகக் கூடாது. இரவு இரண்டு மணிவரை நாடகம் பார்த்தவரிடம் ‘பிகொன்ஹல் சுபக்கே ஒப்சி’ என்பார்கள். களைப்பாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று இதை மொழிபெயர்த்தால் தமிழே கேட்டுச் சிரிக்கும். “அசதியாத்தானே இருக்கும்!” என்பதுதான் இதற்கு நேரான தமிழ். ஓர் உணவகத்தைப் புகழ்ந்து, இந்த ருசிக்குக் கூட்டம் வராமல் இருக்குமா என்று நாம் கேட்பதையும் கொரியர்கள் இதே அமைப்பில்தான் சொல்வார்கள். இயல்பாக நடந்தே தீரும் விளைவு என்ற பொருளை நாம் ‘தானே’ போட்டோ, கேள்வியாகத் திருப்பியோ சொல்கிறோம். அவர்கள் வழியில்லை என்று சொல்கிறார்கள். இந்த இடம் புரிந்த பிறகு கொரிய நாடக வசனத்தில் பாதி வேறு மாதிரி கேட்கும்.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘உத்ஜி அனுல் சு ஒப்ஸொத்தா’ என்பது ‘சிரிக்காமல் இருக்க முடியவில்லை’ என்பதன் நேர் நகல். எழுத்திலும் மேடையிலும் அதிகம் வரும். ‘ஹெசுல் ப்புனியேயோ’ என்பது, பாராட்டுபவரிடம் “செய்ய வேண்டியதைத்தானே செய்தேன்” என்று பணிவாகச் சொல்வதற்கு. ப்புன் என்பதற்கு முன் வரும் வினையே இறந்தகாலம் ஏற்கும். சுபக்கே ஒப்ஸோவில் அப்படி எழுத வேண்டாம். இறந்தகாலத்தை வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் வைத்து ‘ஒப்ஸொஸோ’ என்று முடியுங்கள்.

‘தோபிக்’ எனப்படும் கொரிய மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலை பெற 300க்கு 150 மதிப்பெண் தேவை. எழுத்துப் பகுதியின் கடைசிக் கேள்வி 54ஆவது. ஒரு சமூகப் பொருளைப் பற்றி 600 முதல் 700 எழுத்துகளில் கட்டுரை கேட்பார்கள். அங்கே பேச்சு வழக்கான ‘துவே’யை விட்டுவிட்டு ‘ஹன்தா’ என்று முடிக்க வேண்டும்: செய்தால்தான் ஆகும் என்பதற்கு ‘ஹேயா ஹன்தா’. அரசு செய்ய வேண்டும், பள்ளி செய்ய வேண்டும், நாம் செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் அதிலேயே முடிப்பவர்கள் உண்டு. நடுவில் ஒரு சுபக்கே, ஒரு ப்புன், ஒரு ‘செய்யாமல் இருக்க முடியாது’ வந்தால் கட்டுரைக்கு உயிர் வரும், மதிப்பெண்ணும் வரும்.

இரண்டு மொழிகளும் இப்படி ஒத்துப்போவதைப் பார்த்து வியந்தவர்கள் நமக்கு முன்பே இருந்திருக்கிறார்கள். 1886இல் கொரியாவுக்கு ஆசிரியராகப் போன அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட், கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலை 1905இல் வெளியிட்டார். இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856இல் எழுதிய திராவிட ஒப்பிலக்கணம் அவர் ஊன்றிக்கொண்ட கோல். இரண்டும் ஒரே குடும்பம் என்று ஹல்பர்ட் நம்பினார். இன்றைய மொழியியலாளர்கள் பொதுவாக அதை ஏற்பதில்லை. வினையைக் கடைசியில் வைப்பது, விகுதிமேல் விகுதி அடுக்குவது போன்றவை உறவில்லாத மொழிகளிலும் வரும். ஜப்பானிய மொழியிலும் ‘போகாவிட்டால் ஆகாது’ என்றுதான் கட்டாயத்தைச் சொல்கிறார்கள். ஆகவே இரண்டு மொழிகளிலும் ஏறத்தாழ ஒன்றுபோல ஒலிக்கும் அப்பா, அம்மா என்ற சொற்களை வைத்துக்கொண்டு பங்காளி உறவு கொண்டாட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த அமைப்பொற்றுமை கற்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி. அதைப் பயன்படுத்தாமல் விடுவது நஷ்டம்.

அந்த நஷ்டம் இங்கே கண்ணெதிரே நடக்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதைக் கடந்த சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு ‘வேண்டும்’ நன்றாகத் தெரியும். ‘போனாத்தான் ஆகும்’, ‘நடக்க வேண்டியதுதான்’, ‘அசதியாத்தானே இருக்கும்’ என்பதெல்லாம் வீட்டில் காதில் விழுந்தால்தான் வரும். தேர்வுத் தாளில் அவை அரிதாகவே எட்டிப் பார்க்கின்றன. கொரிய மொழிக்கு நான் சாவியாகக் காட்டும் வாக்கியங்கள் எல்லாமே அந்தப் பேச்சுத் தமிழில் இருக்கின்றன. சனிக்கிழமை வரும் பிள்ளைகளில் பாட்டி தாத்தாவோடு வளர்ந்தவர்கள் சுபக்கேயைச் சட்டென்று பிடித்துக்கொள்வதை நான் கவனித்திருக்கிறேன். மற்றவர்களுக்கு முதலில் தமிழ் வாக்கியத்தையே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இது சிங்கப்பூரோடு நிற்கும் விஷயமில்லை. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து கொரியர்களும் தமிழர்களும் ஒரே பட்டறையில் வேலை பார்க்கிறார்கள். “இன்றைக்குள் முடித்தால்தான் ஆகும்” என்பதையும் “நாளைக்கு முடித்தாலும் ஆகும்” என்பதையும் மாற்றிப் புரிந்துகொண்டால் அங்கே வேலையே புரண்டுவிடும். தமிழ் வழியாகக் கொரிய இலக்கணம் சொல்லும் நல்ல நூல்கள் பல வர வேண்டும். எழுதத் தகுதியானவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அங்கேயும் இருக்கிறார்கள்.

அதுவரை பிள்ளைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோட்டில் கொரிய வாக்கியம், ஆங்கில விளக்கம் என்று இரண்டு பத்திதானே போடுகிறீர்கள்? மூன்றாவதாக ஒரு பத்தி போடுங்கள். அதில் உங்கள் வீட்டில் அதை எப்படிச் சொல்வார்கள் என்று, பேசுகிறபடியே எழுதுங்கள். தெரியாவிட்டால் பாட்டியைக் கேளுங்கள், அத்தையைக் கேளுங்கள். பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பிள்ளை தோபிக்கில் அடுத்த நிலைக்கு ஏற வேண்டும் என்று வகுப்புக்குப் பணம் கட்டுகிறீர்கள், நல்லது. அதோடு தினமும் சாப்பாட்டு மேசையில் அந்தப் பிள்ளையோடு முழு வாக்கியமாகத் தமிழ் பேசுங்கள். கொரிய மொழிக்கும் அது உதவும். தமிழுக்கு அது இல்லாமல் ஆகாது.